பெரிய காணொளிக் கோப்புகள் வெளிப்புற வன்தட்டில் ஏற மறுக்கின்றன

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். என் மடிக்கணினியில் குடும்ப ஒளிப்பதிவுகள் 412 கோப்புகளாக, மொத்தம் ஏறத்தாழ 640 ஜிபி அளவில் இருக்கின்றன. அவற்றை 2 டிபி கொள்ளளவுள்ள வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுக்க மூன்று நாட்களாக முயல்கிறேன். சிறிய கோப்புகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பெரிய கோப்பு ஒன்றைத் தொட்டதும், ஒரு நொடிகூட நகராமல், "சேருமிடத்தின் கோப்பு முறைமைக்கு இந்தக் கோப்பு மிகப் பெரியது" என்ற பொருளில் விண்டோஸ் ஒரு செய்தியைக் காட்டி நின்றுவிடுகிறது. வன்தட்டிலோ ஒரு டிபிக்கு மேல் இடம் காலியாக இருக்கிறது. இடம் இருக்கும்போது கோப்பு எப்படி மிகப் பெரியதாகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதனுடன் இன்னொரு சிக்கலும் உண்டு. சில நேரம் சிறிய கோப்புகளை நகலெடுக்கும்போதும் பாதியில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று வருகிறது. வன்தட்டில் ஏற்கெனவே 180 ஜிபி அளவுக்குப் பழைய நிழற்படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேறு நகல் இல்லை. மடிக்கணினி பழையது, விண்டோஸ் 10 இயங்குகிறது, உள்ளே இருப்பது 1 டிபி சுழலும் வன்தட்டு. அதை அடுத்த மாதம் கைவிட வேண்டியிருக்கிறது என்பதால்தான் இந்த அவசரம். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

காணொளித் தொகுப்பாளர்

முதல் பிழைக்கு விடை எளிது. உங்கள் வெளிப்புற வன்தட்டு ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறையில், ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். எக்ஸ்ப்ளோரரில் அந்த வட்டின் மேல் வலது சொடுக்கு செய்து, பண்புகள் பக்கத்தில் 'ஃபைல் சிஸ்டம்' என்ற வரியைப் பாருங்கள்.

ஃபேட்32 முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவும் 32 பிட் நீளமுள்ள ஒரு கட்டத்துக்குள் எழுதி வைக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. வட்டில் எத்தனை டிபி காலியாக இருந்தாலும், அதற்கு மேல் அளவுள்ள ஒரே கோப்பை அதில் வைக்க வழியில்லை. அளவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால்தான் விண்டோஸ் நகலெடுக்கத் தொடங்காமலேயே மறுக்கிறது. வட்டில் பழுது இருந்தால் இப்படி உடனுக்குடன் மறுப்பு வராது.

காணொளியுடன் வேலை செய்பவர்களுக்கு இந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் ஒளிப்பதிவு பதினொன்றரை நிமிடத்தில் 4 ஜிபியைத் தொட்டுவிடும். ஃபேட்32 அட்டையில் எழுதும் பல கேமராக்கள் நீண்ட பதிவைத் துண்டு துண்டாக உடைத்து வைப்பதும் இதனால்தான்.

ஒரு வாசகர்

அந்த 4 ஜிபி எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபார்மேட் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

வன்தட்டு பழுதுபார்ப்பவர்

நண்பரே, பொறுங்கள். அவர் 180 ஜிபி நிழற்படங்கள் அதில் இருப்பதாகவும் வேறு நகல் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இந்த நிலையில் ஃபார்மேட் செய்யச் சொல்வது அவருடைய படங்களை அழிக்கச் சொல்வதாகும். பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் வரும் வட்டுகளில் கணிசமானவை தானாகப் பழுதானவை அல்ல, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட இப்படிப்பட்ட ஒரு வரியால் காலியானவை.

இழையைத் தொடங்கியவரிடம் ஒன்று கேட்கிறேன். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், நகலெடுப்பு எங்கே நிற்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். தொடங்கும் முன்பே நிற்கிறதா? ஒரே கோப்பில், ஒரே சதவீதத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறதா? அல்லது ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில், வேறு இடத்தில் நிற்கிறதா? தொடங்கும் முன்பே நின்றால் அது கோப்பு முறைமை, கோப்பின் பெயர், அனுமதி போன்றவற்றைச் சார்ந்தது. ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் மூல வட்டின் அந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்று பொருள். இடம் மாறி மாறி நின்றால் முதலில் கேபிள், போர்ட், மின்சாரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் பதிவைப் படித்தால் ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எதைச் செய்தாலும் குழப்பம்தான் கூடும்.

மேக் பயனர்

ஃபேட்32 முறையிலிருந்து என்டிஎஃப்எஸ் முறைக்குக் கோப்புகளை அழிக்காமலே மாற்ற விண்டோஸில் 'கன்வர்ட்' என்ற கட்டளை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஒருவழிப் பாதை. மீண்டும் ஃபேட்32 முறைக்கு அதே வழியில் திரும்ப முடியாது. 4 ஜிபி எல்லை இல்லாத இன்னொரு முறையான எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றும் வசதி அதில் இல்லை. அதற்கு ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும்.

எது வேண்டும் என்பது அந்த வட்டை வேறு எங்கெல்லாம் செருகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேக் கணினி என்டிஎஃப்எஸ் வட்டைப் படிக்கும், ஆனால் கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட் வட்டில் விண்டோஸ், மேக் இரண்டும் எழுதும். லினக்ஸும் தன் மையப் பகுதியான கெர்னலின் 2020இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அதை முறையாக ஆதரிக்கிறது.

காணொளித் தொகுப்பாளர்

மேலே சொன்னது சரி. ஆனால் எக்ஸ்ஃபேட் முறையின் ஒரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்டிஎஃப்எஸ் தான் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு செய்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கோப்பு அமைப்பைச் சீராக்கிக்கொள்ளும். எக்ஸ்ஃபேட் முறையில் அப்படி ஒரு குறிப்பேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் பாதிப்பு அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. விண்டோஸ் கணினிகளில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் நான் என்டிஎஃப்எஸ் முறையையே தேர்ந்தெடுப்பேன்.

இழையைத் தொடங்கியவர்

பார்த்தேன், ஃபேட்32 என்றே காட்டுகிறது. பெரிய கோப்புகள் தொடங்கும் முன்பே நிற்பதன் காரணம் இப்போது தெளிவாகிவிட்டது, நன்றி. என் தங்கை மேக் கணினியில் இந்தக் காணொளிகளைத் தொகுக்க விரும்புகிறாள் என்பதால் எக்ஸ்ஃபேட் முறைக்கே மாற்றலாம் என்று நினைக்கிறேன். மடிக்கணினியில் 200 ஜிபிக்குச் சற்று மேல் இடம் இருக்கிறது. நிழற்படங்களை முதலில் அங்கே நகர்த்திவிட்டு வட்டை ஃபார்மேட் செய்யலாமா?

வன்தட்டு பழுதுபார்ப்பவர்

நகர்த்த வேண்டாம், நகலெடுங்கள். அதற்கும் முன்பாக மடிக்கணினியின் வட்டு நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபார்மேட் செய்யும் அந்த நிமிடத்தில் உங்கள் நிழற்படங்களின் ஒரே நகல் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கும். அதன் நலம் தெரியாமல் அதை நம்பி இந்த வட்டை அழிக்கக் கூடாது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, உள் வட்டு, வெளி வட்டு இரண்டையும் பாருங்கள். வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் பதிவுகளை அது காட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. 05 என்ற வரிசையில் இருப்பது, பழுதாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது வட்டின் மிகச் சிறு சேமிப்புப் பகுதிகளின், எண்ணிக்கை. சி5 என்ற வரிசையில் இருப்பது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது திருத்த முடியாதவை. அந்த மென்பொருள் கடைசி நெடுவரிசை எண்களைப் பதினாறின் அடிமான முறையில் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். அங்கே 10 என்று இருந்தால் அது பதினாறு.

இழையைத் தொடங்கியவர்

ஐயா, நீங்கள் சொன்னதைச் செய்தேன். வெளி வட்டில் மூன்றும் சுழியம்; 'நலம்' என்று நீல நிறத்தில் காட்டுகிறது. மடிக்கணினி வட்டு மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' என்று காட்டுகிறது. 05 வரிசையில் சுழியம், சி5 வரிசையில் 8, சி6 வரிசையிலும் 8. இதுவரை மடிக்கணினி எந்தக் குறையும் காட்டியதில்லை. இது எவ்வளவு மோசம்?

வன்தட்டு பழுதுபார்ப்பவர்

எட்டு என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இக்கால வட்டுகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் 4,096 பைட் கொண்ட செக்டர்களாக எழுதுகின்றன. வெளியுலகத்துக்கு அதை 512 பைட் கொண்ட எட்டு செக்டர்களாகக் காட்டுகின்றன. ஆகவே எட்டு என்பது வட்டின் மேற்பரப்பில் ஒரே ஓர் இடம் படிக்க முடியாமல் இருப்பதைக் குறிக்கலாம். அந்த இடத்தில் உங்கள் கோப்பு ஏதேனும் இருக்கிறதா என்பது நகலெடுக்கும்போதுதான் தெரியும்.

ஆனால் ஓர் இடம் கெட்ட வட்டில் இன்னோர் இடம் கெடாது என்று யாரும் உறுதி தர முடியாது. எனவே நிழற்படங்களை அதில் வைக்க வேண்டாம். யாரிடமாவது ஒரு வட்டை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கி அதில் வையுங்கள். மடிக்கணினியில் தேவையற்ற வேலை எதையும் செய்யாதீர்கள். வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க், கோப்புகளை மறுபடி அடுக்கும் டிஃப்ராக் ஆகிய இரண்டு கட்டளைகளையும் தொடவே வேண்டாம்.

இழையைத் தொடங்கியவர்

நண்பர் ஒருவரிடம் 500 ஜிபி வட்டு கிடைத்தது. நிழற்படங்களை அதற்கு நகலெடுத்து, வட்டைக் கழற்றி மீண்டும் செருகி, எண்ணிக்கையும் அளவும் பொருந்துவதைப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்புறையிலும் சில படங்களைத் திறந்தும் பார்த்தேன். பிறகு 2 டிபி வட்டை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தேன். பெரிய கோப்புகள் இப்போது தொடக்கத்திலேயே மறுக்கப்படுவதில்லை.

ஆனால் புதிய தலைவலி. நாற்பது, ஐம்பது கோப்புகள் ஒழுங்காகப் போகின்றன. பிறகு திடீரென்று உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. ஒரு முறை 12 ஜிபி கோப்பில் நின்றது. மறுமுறை அதே கோப்பு நன்றாகப் போய், அதற்கு அடுத்ததற்கும் அடுத்ததில் நின்றது. ஒரு முறை வட்டே எக்ஸ்ப்ளோரரிலிருந்து மறைந்து, பத்து நொடி கழித்துத் திரும்பி வந்தது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றியது தவறோ?

லினக்ஸ் பயனர்

தவறில்லை. கோப்பு முறைமை காரணமாக வட்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து மறைந்து திரும்பாது. யூஎஸ்பி இணைப்பு அறுந்து மீண்டும் இணைகிறது. வட்டு மறையும்போது விண்டோஸ் ஒரு சாதனத்தைக் கழற்றும்போது எழுப்பும் ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். வட்டை எப்படி இணைத்திருக்கிறீர்கள்? நேரடியாகவா, ஹப் வழியாகவா?

இழையைத் தொடங்கியவர்

ஆம், அந்த ஒலி கேட்கிறது; இதுவரை அதைப் பொருட்படுத்தவில்லை. மடிக்கணினியின் ஒரு பக்க போர்ட்டில் நான்கு வாய் கொண்ட சிறிய ஹப் இருக்கிறது. மவுஸ், விசைப்பலகை, வன்தட்டு மூன்றும் அதில்தான். ஹப்புக்குத் தனி மின்சாரம் கிடையாது.

வன்தட்டு பழுதுபார்ப்பவர்

உங்கள் முதல் பதிவிலேயே இருந்த இரண்டாவது பிழை இதுதான் என்று நினைக்கிறேன். யூஎஸ்பி 2.0 போர்ட் தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப் அந்த ஒரே வாய்க்காலிலிருந்து வருவதைத்தான் எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட வேண்டும். இரண்டரை அங்குல வட்டு நிலையாகச் சுழலும்போது சமாளித்துக்கொள்ளும். சுழலத் தொடங்கும்போதும் தொடர்ந்து எழுதும்போதும் அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அது கிடைக்காத நொடியில் வட்டு தளர்ந்து, இணைப்பு அறுகிறது. சிறிய கோப்பு சில நொடிகளில் முடிந்துவிடுவதால் தப்பிக்கிறது. காணொளி பல நிமிடம் ஓடுவதால் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் இந்தக் குறை காணொளிகளில் மட்டும் வருவது போலத் தோன்றும்.

ஹப்பை நீக்கிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். அதற்குப் பிறகு கேபிளைப் பாருங்கள். இந்த வட்டுகளின் முனையில் இருக்கும் அந்த அகலமான, நடுவில் பிளவுபட்ட மைக்ரோ-பி இணைப்பி மிக எளிதில் தளர்ந்துவிடும். ஒரு கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போது, முக்கியமில்லாத கோப்பாகப் பார்த்து, அந்த முனையை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் வேகம் சரிந்தாலோ இணைப்பு அறுந்தாலோ கேபிளை மாற்றிவிடுங்கள். குட்டையான கேபிளாக இருந்தால் நல்லது.

லினக்ஸ் பயனர்

இவற்றுக்குப் பிறகும் தொடர்ந்தால், மின் அமைப்புகளில், சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்கவைக்கும் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திவிட்டு முயலலாம். லினக்ஸில் இதே நோய் வந்தால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளை சாதனம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆவதை வரிவரியாகக் காட்டும். வட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சிப் 'யூஏஎஸ்' என்ற வேகமான யூஎஸ்பி தரவுப் பரிமாற்ற முறையைச் சரியாகக் கையாளாதபோதும் அப்படி வரும். ஆனால் ஹப் இருக்கும்வரை வேறு எதையும் ஆராய வேண்டியதில்லை.

இழையைத் தொடங்கியவர்

இரண்டும்தான் காரணம். ஹப்பை நீக்கியதும் பிழைகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. இணைப்பியை விரலால் தொட்டுப் பார்த்தேன். வட்டின் மீதிருந்த சிறு விளக்கு அணைந்து எரிந்தது. வேறு கேபிள் மாற்றிய பிறகு நேற்றிரவு முழுவதும் ஒரு பிழைகூட இல்லாமல் 290 ஜிபி போயிருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. தொடக்கத்தில் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனது, சில மணி நேரம் கழித்து 20க்கும் 30க்கும் இடையே இறங்கிவிட்டது. இது மறுபடியும் ஏதோ கெடுவதன் அடையாளமா? இரண்டாவது, நான்கைந்து கோப்புகளுக்கு 'பெயர் மிக நீளம்' என்று வருகிறது. அவை மடிக்கணினியில் அதே பெயருடன்தான் இருக்கின்றன.

காணொளித் தொகுப்பாளர்

வேகம் குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வகைச் சிறு வட்டுகள் பலவற்றில் தரவுத் தடங்கள் கூரை ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதப்படுகின்றன. எஸ்எம்ஆர் என்பார்கள். வட்டு, வருவதை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் வேகமாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு உரிய இடத்தில் அடுக்குகிறது. அந்தப் பகுதி நிரம்பிவிட்டால், அடுக்கி முடிக்கும்வரை புதிதாக வாங்குவது மெதுவாகும். பொறுத்திருங்கள். மெதுவாகப் போகிறதே என்று இடையில் பிடுங்கிவிடாதீர்கள்.

லினக்ஸ் பயனர்

பெயர் நீளம் பற்றி நான் சொல்கிறேன். தமிழில் பெயர் வைப்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. விண்டோஸில் வழக்கமாக ஒரு கோப்பின் முழுப் பாதை, அதாவது வட்டின் எழுத்து தொடங்கிக் கோப்புறைகள் அனைத்தையும் தாண்டிக் கோப்பின் பெயர்வரை, 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். மடிக்கணினியில் அடங்கிய பெயர், வெளி வட்டில் நீங்கள் கூடுதலாக ஒரு கோப்புறைக்குள் வைக்கும்போது எல்லையைத் தாண்டிவிடும்.

தமிழில் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி ஒன்றாக எண்ணுவதில்லை. 'தொகுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அதில் நான்கு எழுத்துகள். யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் எட்டுக் குறிகள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பெயரின் நீளத்தைப் பைட்டுகளில் அளக்கிறது. அங்கே ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 24 பைட். ஒரு பெயருக்கு அங்கே 255 பைட்தான் எல்லை என்பதால் 85 தமிழ்க் குறிகளுக்கு மேல் வைக்க முடியாது. விண்டோஸில் நலமாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸ் வட்டுக்குப் போகும்போது மறுக்கப்படுவது இதனால்தான்.

பெயரைச் சுருக்குங்கள், அல்லது வட்டின் முதல் அடுக்கிலேயே கோப்புறையை வையுங்கள். தமிழ்ப் பெயரை விட்டுவிட்டு எண்களுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்தாண்டு கழித்து அந்தக் கோப்பு என்ன என்று சொல்லப்போவது அதன் பெயர் ஒன்றுதான்.

மேக் பயனர்

மேக் அல்லது லினக்ஸிலிருந்து நகலெடுப்பவர்கள் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நேரத்தைப் பெயராக வைக்கும் கருவிகள் முக்காற்புள்ளியை இடுவதுண்டு; எக்ஸ்ஃபேட் முறையில் அது பெயருக்குள் வரக் கூடாது.

இழையைத் தொடங்கியவர்

பெயர்களைச் சுருக்கியதும் அவை போய்விட்டன. இப்போது 412 கோப்புகளில் 411 சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒன்று. 51 நிமிட ஒளிப்பதிவு, 19 ஜிபி. ஐந்து முறை முயன்றுவிட்டேன், ஐந்து முறையும் சரியாக 61 சதவீதத்தில் நிற்கிறது. 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று சொல்லி டேட்டா எரர் வருகிறது. நிற்கும் முன் மடிக்கணினிக்குள்ளிருந்து மெல்லிய 'டிக், டிக்' ஒலி வருகிறது. எங்கள் பாட்டி பாடிய ஒரே பதிவு அது. அவர் இப்போது இல்லை.

ஒரு வாசகர்

செக்டிஸ்க் கட்டளையை ஆர் என்ற தெரிவுடன் ஓட்டிப் பாருங்கள். கெட்ட செக்டர்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும்.

வன்தட்டு பழுதுபார்ப்பவர்

தயவுசெய்து ஓட்ட வேண்டாம். அந்தத் தெரிவு வட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும். ஏற்கெனவே தடுமாறும் வட்டுக்கு அது பல மணி நேரச் சுமை. படிக்க முடியாத பகுதியைக் கண்டால் அதைக் கெட்டது என்று குறித்து ஒதுக்கிவிட்டு, கோப்பின் அந்தப் பங்கை வேறு இடத்தைக் காட்டி அமைத்துவிடும். செக்டிஸ்க்கின் வேலை கோப்பு முறைமையைச் சீராக்குவது. உங்கள் பாட்டியின் குரலைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. மீண்டும் மீண்டும் எக்ஸ்ப்ளோரரில் நகலெடுக்க முயல்வதையும் இத்துடன் நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் வட்டின் தலை அதே பழுதான இடத்தில் திரும்பத் திரும்ப உரசாத குறையாகத் தடவுகிறது.

ஐந்து முறையும் ஒரே இடம் என்பதால் இது அந்த எட்டு செக்டர்களாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் இழப்பு 4,096 பைட். 19 ஜிபியில் அது ஒன்றுமேயில்லை. எக்ஸ்ப்ளோரர் அந்தச் சிறு துளியைப் படிக்க முடியாததால் மொத்தக் கோப்பையும் கைவிடுகிறது. நமக்குத் தேவை, படிக்க முடியாததை விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் எடுத்துத் தரும் கருவி. குனூ டிடிரெஸ்க்யூ அதைத்தான் செய்கிறது.

லினக்ஸ் பயனர்

வழியை நான் எழுதுகிறேன். வேறொரு கணினியில் லினக்ஸ் லைவ் யூஎஸ்பி ஒன்றை, அதாவது நிறுவாமலே லினக்ஸை இயக்கும் யூஎஸ்பி குச்சியைத் தயாரித்து, மடிக்கணினியை அதிலிருந்து தொடங்குங்கள்; வட்டில் எதையும் நிறுவ வேண்டாம். விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றுங்கள். வட்டைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிடிரெஸ்க்யூ கட்டளைக்கு மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும்: மூலக் கோப்பு, வெளி வட்டில் உருவாக வேண்டிய கோப்பு, மூன்றாவதாக மேப் கோப்பு. மூன்றாவதைத் தவறாமல் கொடுங்கள். எந்தப் பகுதி எடுக்கப்பட்டது, எது மிச்சம் என்பதை அதில்தான் அது குறித்துக்கொள்கிறது. இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் நலமாக இருக்கும் பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பழுதான இடத்தைக் கடைசியில் சிறுகச் சிறுகச் சுற்றி வளைக்கும். மூலத்தையும் சேருமிடத்தையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். எண்டர் விசையை அழுத்தும் முன் வரியை இரண்டு முறை வாசித்துப் பாருங்கள்.

காணொளித் தொகுப்பாளர்

ஒரு நம்பிக்கைச் சொல். 61 சதவீதம் என்பது நல்ல இடம். எம்பி4 கோப்பில் படமும் ஒலியும் எங்கெங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லும் அட்டவணைப் பகுதி பெரும்பாலும் கோப்பின் இறுதியிலோ தொடக்கத்திலோ இருக்கும். அந்த இடத்தில் துளை விழுந்தால் மொத்தப் பதிவும் திறக்காமல் போகலாம். நடுவில் விழுந்தால் ஒரு சட்டகம் கெடும்; அதைச் சார்ந்து வரும் அடுத்த சில சட்டகங்களும் கலங்கும்; அடுத்த முழுச் சட்டகம் வந்ததும் படம் தெளிந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இழையைத் தொடங்கியவர்

கோப்பு கிடைத்துவிட்டது. முதல் சுற்று ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு அந்த ஒரே இடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் முயன்றுகொண்டிருந்தது. இறுதியில் மீட்கப்படாத அளவு 4,096 பைட் என்று காட்டியது, ஐயா சொன்னது போலவே. உடனே திறந்து பார்த்தேன். 31ஆவது நிமிடத்தில், பாட்டி இரண்டாவது பாட்டைத் தொடங்கும் இடத்தில், படத்தின் கீழ்ப்பாதி அரை நொடி பச்சைக் கட்டங்களாக உடைந்து பிறகு சேர்ந்துவிடுகிறது. குரல் அறவே அறுபடவில்லை.

வன்தட்டு பழுதுபார்ப்பவர்

மிகவும் மகிழ்ச்சி. மடிக்கணினியை இன்னும் அழித்துவிடாதீர்கள். மற்ற 411 கோப்புகளில் கேபிள் கெட்டிருந்த காலத்தில் போனவையும் இருக்கின்றன. பிழை காட்டாமல் போய்ச் சேர்ந்தது என்பதால் மட்டும் அவை முழுமையானவை என்று கொள்ள முடியாது. இரு பக்கமும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ256 மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து பெறப்படும் கைரேகை போன்ற குறியை, கணக்கிட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹேஷ்' கட்டளை அதைச் செய்யும். ஒப்பிடும் முன் வெளி வட்டை முறையாக வெளியேற்றி, கழற்றி, மீண்டும் செருகுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் வைத்திருப்பதையே படித்துச் சரி என்று சொல்லிவிடக்கூடும்.

இழையைத் தொடங்கியவர்

இரண்டு இரவுகள் எடுத்தது. 411இல் 408 பொருந்தின. மூன்று பொருந்தவில்லை, மூன்றும் ஹப் இருந்த முதல் நாட்களில், ஃபார்மேட் செய்யும் முன்பு, நான் நண்பரின் வட்டுக்கு நிழற்படங்களுடன் சேர்த்து எடுத்து வைத்து, பிறகு திருப்பிப் போட்ட சிறிய கோப்புகள். அளவு அப்படியே இருந்தது, ஓடவும் ஓடின. ஒன்றில் மட்டும் கடைசி நிமிடத்தில் ஒலி இல்லை. வெறுமனே ஓடவிட்டுக் கேட்டிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மூன்றையும் மடிக்கணினியிலிருந்து மீண்டும் எடுத்தேன், இப்போது பொருந்துகின்றன. நண்பரின் வட்டில் இருந்த நிழற்படங்களும் 2 டிபி வட்டுக்குத் திரும்பிவிட்டன, அவற்றையும் ஒப்பிட்டுவிட்டேன். தங்கைக்காக இன்னொரு வட்டு வாங்கி, நேரடி போர்ட்டில் செருகி, இரண்டாவது நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது 212ஆவது கோப்பு.